கடற்கரைத் தொடக்கப்பள்ளியில் பயத்தைத் தடுக்கும் வகுப்பு: எங்கிருந்து தொடங்குவது?

கேட்டவர் ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் ஊருக்குப் பக்கத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை. கேள்வியின் சாரம் இது: ஐந்து வகுப்புகள், இரண்டே ஆசிரியர்கள். ஒரு தொண்டு நிறுவனம், பிள்ளைகளுக்குப் பதற்றம் வராமல் தடுக்கும் பத்து வாரப் பாடக் கையேடு ஒன்றைக் கொடுத்து 4, 5ஆம் வகுப்புகளுக்கு நடத்தச் சொல்கிறது. ஒரு நாள் பயிற்சியும் தருவார்களாம். நடத்தலாமா? பலன் இருக்குமா? எங்கே தொடங்குவது?

நடத்தலாம் டீச்சர். ஆனால் கையேட்டின் முதல் பக்கத்தை இப்போது திறக்க வேண்டாம். அதற்கு முன்னால் பள்ளியில் பெரியவர்கள் சில பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது நடக்காமல் பாடம் மட்டும் நடந்தால், பத்து வாரம் முடிந்ததும் கையேடு பீரோவுக்குள் போய்விடும்.

இந்த மாதிரிக் கையேடுகளின் வேர் எங்கே என்று தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் பிலிப் கெண்டல் என்ற உளவியலாளர், பயத்தால் அவதிப்படும் பிள்ளைகளுக்காக 'கோப்பிங் கேட்' என்ற சிகிச்சை முறையை உருவாக்கினார். அதை ஒட்டி ஆஸ்திரேலியாவில் பவுலா பாரெட் 'ஃப்ரெண்ட்ஸ்' என்ற பாடத்தை உருவாக்கினார். பயம் முற்றிய பிள்ளைக்கு மட்டும் என்றில்லாமல் வகுப்பு முழுவதற்கும் நடத்தலாம் என்று பள்ளிக்குள் கொண்டுவந்தது இந்தப் பாடம்தான். பத்து வார வகுப்பு, அதன்பின் நினைவூட்ட இரண்டு வகுப்புகள் என்பது அதன் கணக்கு. உங்களிடம் வந்திருப்பதும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கும் என்று பத்து வாரக் கணக்கைப் பார்த்தாலே ஊகிக்கலாம்.

பலன் இருக்குமா என்பதற்கு நேர்மையான பதில்: யார் நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் சுமார் 40 தொடக்கப்பள்ளிகளில், 9, 10 வயதுப் பிள்ளைகளிடம் பால் ஸ்டாலார்ட் குழுவினர் ஃப்ரெண்ட்ஸ் பாடத்தைச் சோதித்தார்கள். சில பள்ளிகளில் வெளியிலிருந்து வந்த சுகாதாரப் பணியாளர்கள் நடத்தினார்கள், சிலவற்றில் பள்ளிக்காரர்களே நடத்தினார்கள், மற்றவற்றில் வழக்கமான பாடம் மட்டும். 2014இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த முடிவு: ஓராண்டு கழித்துப் பார்த்தபோது வெளியாட்கள் நடத்திய பள்ளிகளில் பிள்ளைகளின் பதற்றம் குறைந்திருந்தது, பள்ளிக்காரர்கள் நடத்திய இடங்களில் அந்தக் குறைவு தெரியவில்லை. நம் நாட்டிலும் இதே போல ஒன்று உண்டு. பீகாரில் நாளந்தா மாவட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 'சேஹர்' என்ற திட்டம். அது பதற்றத்துக்கென்றே போட்ட திட்டம் இல்லை; பள்ளிச் சூழலை மாற்றுவது, கேலி, அடிதடி, மனச்சோர்வு ஆகியவற்றைக் குறைப்பது அதன் நோக்கம். அங்கேயும், பயிற்சி கொடுத்து நியமித்த சாதாரண ஆலோசகர்கள் நடத்திய பள்ளிகளில் மாற்றம் வந்தது, ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் வரவில்லை என்று 2018இல் வெளியிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு ஆசிரியர்களுக்குத் திறமை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எண்ணும் எழுத்தும் திட்டப் பதிவு, காலை உணவு, சத்துணவு, எமிஸ் இணையப் பதிவு, தேர்தல் வேலை, கணக்கெடுப்பு எல்லாம் ஒரே தலையில். அதற்கு மேல் ஒரு நாள் பயிற்சி கொடுத்து ஒரு புத்தகத்தையும் திணித்தால் யார் செய்தாலும் அப்படித்தான் முடியும். ஆகவே என் முதல் கருத்து: நீங்கள் தனியாக நடத்தாதீர்கள். ஊரிலேயே பன்னிரண்டாவது முடித்த ஒரு பெண், மாலைநேர வகுப்புத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தவர் என்றால் இன்னும் நல்லது, வகுப்பை நடத்தட்டும். நீங்கள் கூட இருங்கள். வாரம் ஒருமுறை அவரிடம் அரை மணி நேரம் பேசி, எந்தப் பிள்ளை எங்கே சிக்கிக்கொண்டது என்று கேட்டு வழிகாட்ட, பயிற்சி பெற்ற ஒருவர் தொலைபேசியிலாவது வேண்டும். அந்த வாராந்திரப் பேச்சு இல்லையென்றால் கையேடு எவ்வளவு அழகாக அச்சிட்டிருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

இனி பெரியவர்களின் பழக்கத்துக்கு வருகிறேன்.

பயம் வளர்வதற்கு ஒரு எளிய இயந்திரம் இருக்கிறது. வாசிக்க எழுப்பினால் ஒரு பிள்ளைக்குக் கை நடுங்குகிறது. 'சரி, நீ உட்கார்' என்று சொல்கிறோம். உட்கார்ந்ததும் நடுக்கம் நிற்கிறது. தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை நடுக்கம் இன்னும் சீக்கிரம் வரும். நாம் இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகைதான் தீனி. இதற்கு நேர் எதிரில் இன்னொரு கூட்டம் இருக்கிறது: 'என்னடா பொட்டப்பிள்ள மாதிரி' என்று அதட்டி நடுவில் நிற்கவைப்பது. அதில் பயத்தோடு அவமானமும் சேர்ந்துகொள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. மேலே சொன்ன எல்லாக் கையேடுகளிலும் உண்மையாகவே வேலை செய்யும் சரக்கு அதுதான் என்பது என் கணிப்பு. மிச்சப் பக்கங்கள் அதற்கான துணை.

அந்த வழி படிப்படியாகப் பயத்தின் பக்கத்தில் போவது. வாய்விட்டு வாசிக்காத ஒரு நான்காம் வகுப்புப் பிள்ளையை வைத்துச் சொல்கிறேன். காலை உணவு முடிந்து மற்றவர்கள் கை கழுவப் போயிருக்கும் நேரத்தில் உங்கள் காதருகே ஒரு வரி வாசிக்கட்டும். அது சலிக்கும் வரை, அதாவது 'இதானா டீச்சர்' என்று பிள்ளையே கேட்கும் வரை, அதே படியில் நில்லுங்கள். பிறகு ஒரு தோழியோடு சேர்ந்து வாசிப்பு. பிறகு எண்ணும் எழுத்தும் வகுப்பில் எப்படியும் குழுவாக உட்காருகிறார்களே, அந்தக் குழுவுக்குள். அடுத்து தன் இடத்தில் உட்கார்ந்தபடி முழு வகுப்புக்கும். அடுத்து எழுந்து நின்று. கடைசியில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு குறள். இதற்கு ஒரு மாதமும் ஆகலாம், ஒரு பருவமும் ஆகலாம். படிகளைப் பிள்ளையே உங்களோடு உட்கார்ந்து எழுத வேண்டும். நாம் எழுதிக் கொடுத்த படியில் பிள்ளை ஏறாது. ஒரு படியில் பயம் உச்சத்தில் இருக்கும்போது இறக்கிவிடாதீர்கள், கொஞ்சம் தணிந்த பிறகு முடியுங்கள். 'பாரு, இவளே வாசிச்சிட்டா, உனக்கென்ன' என்று அடுத்த பிள்ளையிடம் சொல்லவே கூடாது. பாராட்டு ஏறியதற்குத்தான், நன்றாக வாசித்ததற்கு இல்லை.

ஆனால் இந்தப் படிக்கட்டைக் கட்டும் முன் ஒரு கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும்: பிள்ளை பயப்படும் விஷயம் உண்மையிலேயே ஆபத்தானதா? ஒரு குறிப்பிட்ட ஆளைப் பார்த்தால், ஒரு குறிப்பிட்ட வீட்டு வழியாகப் போகச் சொன்னால் பயப்படும் பிள்ளைக்குப் படிக்கட்டு கட்டுவது பெரும் பாவம். அங்கே பாதுகாப்புதான் முதல் வேலை: குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள், பாலியல் தொல்லை என்று சந்தேகம் இருந்தால் போக்சோ சட்டத்தில் புகார் சொல்லவேண்டியது உங்கள் கடமையும்கூட. இன்னொன்று, சங்கடமாக இருந்தாலும் சொல்கிறேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் தடை செய்திருக்கிறது. இருந்தும் மேசை மேல் கம்பு கிடக்கும் பள்ளிகள் உண்டு. உங்கள் பள்ளியில் கிடந்தால் அதை எடுப்பதுதான் முதல் வார வகுப்பு. கம்பை வைத்துக்கொண்டு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுப்பதைப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

அடுத்து நம் கரைக்கே உரிய சிக்கல். கையேட்டில் 'சிவப்பு எண்ணம், பச்சை எண்ணம்' என்று ஒரு பாடம் இருக்கும். பயமூட்டும் எண்ணம் சிவப்பு. அதற்குச் சான்று இருக்கிறதா என்று பிள்ளை யோசித்துப் பார்த்து, உதவும் எண்ணமாக, பச்சையாக, மாற்றிக்கொள்ள வேண்டும். பிரிஸ்பேனில் நாய்க்குப் பயப்படும் பிள்ளைக்கு இது சரி. தங்கச்சிமடத்தில் ஒரு பிள்ளை 'அப்பாவைப் பிடிச்சிட்டுப் போயிருவாங்க' என்று நினைத்தால் அதை மிகையான எண்ணம் என்று எந்த வாயால் சொல்வது? போன மாதம் பக்கத்து வீட்டு மாமா இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டு யாழ்ப்பாணம் சிறையில் இருந்தார், படகு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் தனுஷ்கோடிக் கதையை அப்பத்தா ஆரம்பித்துவிடுகிறாள். 1964 டிசம்பரில் ரயிலையே கடல் கொண்டுபோனது கட்டுக்கதை இல்லை. இந்தப் பிள்ளைகளிடம் சான்று கேட்டால் நம்மைவிட அவர்களிடம்தான் அதிகம் இருக்கும்.

அதனால் அந்தப் பாடத்தை இங்கே மாற்றித்தான் நடத்தவேண்டும். நான் சொல்வது: பலகையில் இரண்டு பக்கம். ஒரு பக்கம், பெரியவர்கள் ஆபத்தைக் குறைக்க என்னென்ன செய்கிறார்கள். மீன்துறை தரும் அனுமதி டோக்கன் இல்லாமல் போவதில்லை, கூண்டு ஏற்றினால் போவதில்லை, வயர்லெஸ் இருக்கிறது, நாலு படகு சேர்ந்து போகிறது. இதைப் பிள்ளைகளே சொல்வார்கள், உங்களுக்குத் தெரியாததையும் சொல்வார்கள். மறுபக்கம், படகு வரத் தாமதமானால் நான் என்ன செய்வேன். யார் வீட்டுக்குப் போவேன், யாரிடம் கேட்பேன், தம்பியை யார் பார்த்துக்கொள்வார். பயம் பொய் என்று நிரூபிக்க நாம் முயலவில்லை. பயம் வந்த நேரத்தில் பிள்ளைக்குச் செய்ய ஒரு வேலை கொடுக்கிறோம்.

இதோடு சேர்ந்தது ஆறுதல் சொல்லும் விதம். விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்பும். அந்த மறுநாள் காலைதான் பள்ளி மணி அடிக்கிற நேரம். வருகைப் பதிவேட்டை எடுத்து, காலையில் வயிற்றுவலி என்று சொல்லி வராத நாட்களைப் படகு திரும்பும் நாட்களோடு ஒருமுறை வைத்துப் பாருங்கள். ஒத்துப்போகும் பிள்ளை ஒன்றிரண்டாவது இருந்தால், அந்த வீட்டில் பேசி ஒரு ஏற்பாடு செய்யலாம்: படகு கரை சேர்ந்ததும் சித்தியோ பெரியம்மாவோ பள்ளிக்கு ஒரு போன். நீங்கள் பிள்ளையிடம் ஒருமுறை சொல்லுங்கள், 'அப்பா வந்தாச்சு'. அவ்வளவுதான். இடையில் பிள்ளை பத்து முறை வந்து 'வந்திருப்பாங்களா டீச்சர்' என்று கேட்டால், பத்து முறையும் 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்வது தப்பு. ஒவ்வொரு ஆறுதலும் ஐந்து நிமிடத்தில் தீர்ந்து, அடுத்ததைக் கேட்க வைக்கும். அதோடு, நம் கையில் இல்லாததற்கு நாம் வாக்குக் கொடுத்ததாகவும் ஆகிவிடும். 'தெரிஞ்ச உடனே வந்து சொல்றேன், அதுவரைக்கும் இந்தக் கணக்கைப் போடு' என்பது போதும்.

அப்பா பிடிபட்டுவிட்டால்? மறைக்காதீர்கள். வீட்டில் அம்மா அழுகிறாள், மாமாக்கள் போராட்டத்துக்குப் போகிறார்கள், போனில் வீடியோ ஓடுகிறது; பிள்ளைக்கு மட்டும் 'அப்பா வேலைக்குப் போயிருக்கார்' என்று சொன்னால், தெரியாததைக் கற்பனை நிரப்பும், அது நடப்பதைவிடக் கொடுமையாக இருக்கும். அப்பா எங்கே இருக்கிறார், கூட யார் இருக்கிறார்கள், அடுத்த விசாரணை எந்தத் தேதி, அதுவரை வீட்டுச் செலவை யார் பார்க்கிறார்கள். இந்த நான்கையும் வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லவேண்டும். விடுதலை தள்ளிப்போனால் அதையும் சொல்லவேண்டும். பள்ளி அந்த நாட்களில் செய்யக்கூடிய பெரிய உதவி, வழக்கம்போல நடப்பது. அதே மணி, அதே இடம், அதே சோறு.

கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கதை வேறு. வாப்பா வளைகுடாவில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். அங்கே படகு இல்லை, பிரிவு இருக்கிறது. விடுமுறை முடிந்து வாப்பா விமானம் ஏறிய வாரம் பிள்ளை உம்மாவை விட்டுப் பள்ளிக்கு வர மறுக்கும். அதற்கும் படிக்கட்டுதான்: வாசல் வரை உம்மா, பிறகு தெருமுனை வரை, பிறகு அக்காவோடு. வாசலில் விடைபெறுவது சுருக்கமாக இருக்கட்டும். பிள்ளை பார்க்காத நேரத்தில் நழுவிப்போவது நம்பிக்கையைக் கெடுக்கும்.

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வரும் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 2022 மார்ச்சிலிருந்து இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் படகேறி வந்த குடும்பங்கள் பல. மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டுக் காத்திருந்த பிள்ளைகளும் அதில் உண்டு. அவர்களுக்குத் தேவை தடுப்பு வகுப்பு மட்டும் இல்லை. 'உன் பெரிய பயத்தை வரை' என்று கையேடு சொல்லும் பக்கத்தை அவர்கள் இருக்கும் வகுப்பில் தவிர்த்துவிடுங்கள். திறந்துவிட்டு மூடத் தெரியாத கதவு அது. மாவட்ட மனநலத் திட்டக் குழுவிடம் தனியாக அனுப்பவேண்டிய பிள்ளைகளும் இருக்கலாம்.

மூச்சுப்பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் நுட்பம். கடல்பாசி எடுக்க முங்கும் பெண்களின் பிள்ளைகளுக்கு மூச்சைப் பற்றி நாம் வகுப்பெடுப்பது கொஞ்சம் வேடிக்கைதான். சின்னப்பாலத்தில் யாராவது ஒரு அம்மாவை வகுப்புக்கு அழைத்து, முங்கும் முன் எப்படி அமைதியாகிறார் என்று சொல்லச் சொல்லுங்கள், கையேட்டுப் படத்தைவிட நன்றாக இருக்கும். ஒரே எச்சரிக்கை: படியில் ஏறுவதற்குப் பதிலாக மூச்சுவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் தப்பித்தல்தான்.

பெற்றோரிடம் எப்படிச் சொல்வது? நம் மாவட்டத்தில் இதற்கு ஒரு கனம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களில் 28 பேர் தீயில் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு மனநலம் என்று யார் பேச ஆரம்பித்தாலும் நம் மக்களுக்கு நினைவுக்கு வருவது அந்தச் சங்கிலிதான். ஆகவே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேனர் கட்டி விழிப்புணர்வு உரை நிகழ்த்தாதீர்கள். 'காலையில வயிறு வலிக்குதுன்னு அழுற பிள்ளை, வீட்ல பேசி பள்ளிக்கூடத்துல வாயே திறக்காத பிள்ளை, இவங்களுக்குக் கொஞ்சம் தைரியம் பழக்கப்போறோம்' என்று நடப்பதைச் சொல்லுங்கள், எதையும் மறைக்காமல். பயந்த பிள்ளையைத் தர்காவுக்குக் கூட்டிப்போய் ஓதிப்பார்ப்பார்கள், கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டுவார்கள். அதோடு மல்லுக்கட்டுவதால் ஒரு லாபமும் இல்லை. கயிறு கட்டிக்கொண்டே படியேறலாம். மந்திரிப்பு என்ற பெயரில் பட்டினியோ அடியோ சூடோ வந்தால் மட்டும் குறுக்கே நில்லுங்கள்.

எந்தப் பிள்ளை பள்ளியின் கைக்கு மீறியது? வாரக்கணக்கில் வரவே இல்லை, சாப்பாடோ தூக்கமோ போய்விட்டது, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்பிவிட்டது, செத்துப்போகணும் என்று பேசுகிறது என்றால் வகுப்பை நம்பி உட்காராதீர்கள். அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரைப் பார்க்கலாம். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

பலனை அளக்க ஒரு நோட்டுப் போதும்: எத்தனை பிள்ளைகள் வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தார்கள், காலை வயிற்றுவலி எத்தனை, வராத நாள் எத்தனை. நிறுவனம் எண்ணிக்கை கேட்டால் எஸ்டிக்யூ என்ற 25 கேள்விப் படிவம் தமிழிலும் இருக்கிறது, ஆசிரியரே நிரப்பலாம், அதில் ஐந்து கேள்விகள் பயம், கவலை சம்பந்தப்பட்டவை. அந்த மதிப்பெண்ணைச் சுவரில் ஒட்டுவதோ பெற்றோர் முன் வாசிப்பதோ கூடாது.

எப்போது தொடங்குவது என்று கேட்டால், ஜூனில் வேண்டாம். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14ஆம் தேதியோடு முடிந்து படகுகள் கடலுக்குப் போகும்; பள்ளி திறப்பும் அதே மாதம். பிள்ளைக்கு இரண்டு பிரிவும் ஒரே சமயத்தில். அந்த மாதம் முழுவதும் பெரியவர்களின் பழக்கத்தை மட்டும் மாற்றுங்கள். ஜூலை நடுவில் வகுப்பைத் தொடங்கினால், வாரம் ஒரு மணி நேரத்தை இரண்டு அரை மணியாகப் பிரித்தாலும், வடகிழக்குப் பருவமழையும் புயல் கூண்டும் வருவதற்குள் முக்கியமான படிகளை முடித்துவிடலாம். நினைவூட்டும் இரண்டு வகுப்புகளில் ஒன்றை நவம்பரிலும், மற்றதை மறுபடி தடைக்காலம் வரும் ஏப்ரலுக்கு முன்பும் வையுங்கள்.

நிறுவனத்தார் அடுத்த முறை வரும்போது மூன்று விஷயங்களை எழுதிக் கேளுங்கள். வகுப்பு நடத்தும் ஊர்ப்பெண்ணுக்கு மாதச் சன்மானம் கொடுப்பார்களா. வாரா வாரம் தொலைபேசியில் வழிகாட்டப்போகிறவர் யார், அவர் என்ன படித்தவர். சிவப்பு, பச்சை எண்ணப் பாடத்தை நம் கரைக்கு ஏற்ப மாற்ற அனுமதி உண்டா. மூன்றுக்கும் சரி என்றால் கையெழுத்துப் போடுங்கள். முதல் இரண்டுக்கு இல்லை என்றால் கையேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, படிக்கட்டை மட்டும் நீங்களும் உங்கள் சக ஆசிரியரும் இரண்டு மூன்று பிள்ளைகளோடு தொடங்கிவிடுங்கள். அதற்கு யாருடைய ஒப்பந்தமும் தேவையில்லை.